இனாம் வெயிலும் 4.2 வோல்ட்டும்

வெயில் இனாமாய்க் கிடைக்கின்றது என்பதற்காக, 6 வோல்ட் சூரியத் தகட்டைச் சிறு லித்தியம்-அயான் பாட்டரியில் நேரே இணைத்துவிடும் வழக்கம் சிலரிடம் இருந்து வருகின்றது. இது புத்திசாலித்தனமாகுமா என்று கேட்கின்றோம். சாதாரணமாக இப்பாட்டரி ஒன்றுக்கு 4.2 வோல்ட்டே எல்லை. பாட்டரி நிரம்பிவிட்டது என்பதற்காக வெயில் நின்றுவிடுமா? தகடு மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பாட்டரி சூடேறும், வீங்கும், தீயும் பற்றலாம். பிறகு தலைவிதி என்று அழுவதால் என்ன பயன்? எல்லை வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் சிறு கருவியை நடுவில் வைக்க ஆகும் செலவு வெகு சொற்பமே. அதைச் சொல்லாமல் தகட்டை மாத்திரம் விற்பது வியாபார நாணயமாகுமா? ஆகவே வாங்குவோர், "நிறுத்தும் கருவி எங்கே?" என்று முதலில் கேட்க வேண்டும், இல்லையென்றால் வாங்காமல் திரும்ப வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.