பாட்டு வீடியோ எடுக்கப் போறீங்களா? குற்றால அருவி கடைசியில் இருக்கட்டும்!

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால், தென்காசியில் வந்து இறங்குகிறவர்கள் பையில் துண்டும் மாற்றுத் துணியும் இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் பையில் இப்போது கூடுதலாக ஒரு ட்ரைபாட். குற்றாலத்தில் ஒரு பாட்டு வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நான்கு பேர் கொண்ட ஒரு மாணவர் குழு என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு நல்ல குரல். ஒருவனிடம் கேமரா இருக்கிறது. அதாவது, அவன் சித்தப்பாவிடம் இருக்கிறது. இன்னொருத்தி போனிலேயே அழகாக எடிட் செய்வாள். நாலாவது ஆள், ‘மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்’ என்பவன். எல்லாக் குழுவிலும் இப்படி ஒருவன் உண்டு. வீடியோவின் தலையெழுத்து பெரும்பாலும் அவன் கையில்தான். ஏனென்றால் அந்த ‘மத்ததெல்லாம்’ என்பதற்குள்தான் முக்கால்வாசி வேலை ஒளிந்திருக்கிறது.

யாருடைய பாட்டு?

முதல் சண்டை இங்கேதான் தொடங்கும். ‘இப்ப ஹிட்டான சினிமா பாட்டுக்கே ஆடி எடுத்துடலாம்’ என்பான் கேமராக்காரன். சுலபம்தான். ஆனால் ஒரு சினிமா பாட்டில் மூன்று உரிமைகள் இருக்கின்றன: வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பதிவு செய்த ஒலிக்கு ஒன்று. ‘எல்லா உரிமையும் உரியவர்களுக்கே’ என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். போதாது. அந்த வரிக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கிற கல்லூரி விழாவில் ஒரு பாட்டைப் பாடுவதற்கு இந்தியக் காப்புரிமைச் சட்டம் சலுகை தருகிறது. அதையே படமாக்கி ஊர் உலகத்துக்கு வெளியிடுவது வேறு கதை.

அப்படியென்றால் சொந்தமாகப் பாட்டு எழுத வேண்டுமா? எழுதினால் நல்லது. எழுத வராதவர்களுக்குக் குற்றாலமே ஒரு பாட்டுப் புதையலை வைத்திருக்கிறது. தென்காசியை ஒட்டிய மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18-ம் நூற்றாண்டில் எழுதிய ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’. பள்ளியில் மனப்பாடப் பகுதியாகப் படித்து மறந்துபோனதுதான். ஆனால் அதை ஒரு மியூசிக் வீடியோ குழு படித்துப் பார்த்தால் அசந்துபோகும். வசந்தவல்லி பந்தடிக்கிறாள். உலா வருகிற குற்றாலநாதரைப் பார்த்து மயங்குகிறாள். குறத்தி சிங்கி வந்து தன் மலையின் பெருமையைச் சொல்லிக் குறி சொல்கிறாள். அவளைக் காணாமல் சிங்கன் ஊர் ஊராகத் தேடுகிறான். கண்டுபிடித்ததும், ‘இந்த நகையெல்லாம் உனக்கு ஏது?’ என்று அவன் சந்தேகத்தோடு கேட்பதும், அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வதும் அப்படியே ஒரு டூயட்.

இதன் வரிகளுக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற கணக்கெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏற்கெனவே யாரோ மெட்டமைத்துப் பாடிய கேசட்டையோ சினிமா மெட்டையோ எடுத்துக்கொள்ளக் கூடாது. வரி கவிராயருடையது, மெட்டு உங்களுடையதாக இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. குறத்தி வேடம் என்றதும் முகத்துக்குக் கறுப்பு மை, கழுத்து நிறைய பாசிமணி, கேலிக்கு ஒரு பேச்சு என்று இறங்கிவிடுகிறார்கள். கவிராயரின் சிங்கி அப்படிப்பட்டவள் இல்லை. ஊருக்கே வாயடைக்கப் பதில் சொல்கிற பெண் அவள். அந்தச் சமூகத்துப் பிள்ளைகளும் இதே போனில்தான் வீடியோ பார்க்கிறார்கள்.

ஏற்கெனவே எடுத்தது என்ன?

ஆராய்ச்சி என்ற வார்த்தையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இந்தப் பகுதியில் இதற்கு முன் என்ன எடுத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் அது. தென்காசியிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கிற சுந்தரபாண்டியபுரம்தான் 1992-ல் வந்த மணிரத்னத்தின் ‘ரோஜா’ கிராமம். ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படம் அது. 2005-ல் ‘அந்நியன்’ பாட்டுக்காக இந்தப் பக்கத்துப் பாறைகளில் வரைந்த நடிகர்களின் முகங்களைப் பார்க்கப் படம் வந்த பிறகும் கூட்டம் வந்தது. ‘அந்நியன் பாறை’ என்பதே அதற்குப் பெயராகிவிட்டது.

இவற்றைப் பார்ப்பது காப்பியடிக்க இல்லை, காப்பியடிக்காமல் இருக்க. சூரியகாந்தித் தோட்டத்தில் கையை விரித்து ஓடுகிற பெண், அருவிக்கு முன்னால் திரும்பிப் பார்க்கிற பையன் எல்லாம் ஆயிரம் தடவை வந்தாகிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கி, ஒன்றில் ‘மத்தவங்க எடுத்தது’, இன்னொன்றில் ‘யாரும் எடுக்காதது’ என்று எழுதினால் போதும். ரம்புட்டான் விற்கிற தள்ளுவண்டி, மழைக்கு ஒதுங்கிய பஸ் ஸ்டாண்ட், பிரானூர் பார்டரில் நள்ளிரவு பரோட்டாக் கல், தென்காசிக் கோபுர வாசலில் சேலையைப் பறக்கவிடுகிற காற்று. இரண்டாவது பக்கம் தானாக நிரம்பும்.

சூரியகாந்தி கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு தகவல். மொட்டாக இருக்கும்போதுதான் செடி சூரியனோடு திரும்பும். நன்றாக மலர்ந்த பூ கிழக்கு பார்த்தே நிற்கும். எனவே காலை வெயிலில் எடுத்தால் பூவின் முகம் பளிச்சென்று இருக்கும். பூ பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில்தான். அது ஒருவரின் வெள்ளாமை என்பதும் நினைவிருக்கட்டும். தோட்டக்காரரிடம் கேட்டு, அவர் கேட்கிற காசைக் கொடுத்து, வரப்பில் நின்று எடுக்க வேண்டும். உள்ளே இறங்கி ஆடினால் ஒடிகிற செடிக்கு எந்த லைக்கும் ஈடாகாது.

இடமே இல்லாமலும் முடியும். 2011 நவம்பரில் வெளியான ‘கொலவெறி’ வீடியோவில் என்ன இருந்தது? ஒலிப்பதிவுக் கூடம், பாடுகிற தனுஷ், அப்போது 21 வயதான அனிருத், சுற்றி நான்கைந்து பேர். அது உலகம் முழுக்கச் சுற்றியது.

அருவியில் பாட்டே கேட்காது

இப்போது அருவிக்கு வரலாம். முதல் சிக்கல் சத்தம். பாடகி வாயசைக்க ஸ்பீக்கரில் பாட்டைப் போட வேண்டும். மெயின் அருவி பக்கத்தில் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. வாயசைக்கிற காட்சிகளை அமைதியான இடத்தில் எடுத்துவிட்டு, அருவியை வெறும் காட்சியாக மட்டும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பாட்டு கேமரா மைக்கிலும் பதிவாகிற அளவுக்குச் சத்தமாக ஓட வேண்டும். எடிட் செய்பவள் அதை வைத்துத்தான் உதட்டையும் பாட்டையும் பொருத்துவாள்.

ஸ்லோமோஷனில் வாயசைப்பு வேண்டுமா? பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அதற்குப் பாட வேண்டும். நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25-ல் ஓட்டினால், உதடு சரியாகப் பொருந்தும். கூந்தலும் சாரலும் மட்டும் மெதுவாகப் பறக்கும்.

இரண்டாவது சிக்கல், மனிதர்கள். அருவியில் குளிப்பவர்கள் யாரும் உங்கள் வீடியோவில் நடிக்க வரவில்லை. குளிக்கிற இடம், உடை மாற்றுகிற இடம் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. பின்னணியில்தானே, மங்கலாகத்தானே என்ற சமாதானம் வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரியது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அப்போது சீசன்கூடத் தொடங்கவில்லை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் போதும், தண்ணீர் கீழே வந்து சேரும்போதுதான் தெரியும். அருவிக்கு முதுகைக் காட்டி நிற்கிறவளும், திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறவனும்தான் அதைக் கடைசியாகக் கவனிப்பார்கள். அதனால் அருவிக் காட்சி எடுக்கிற நேரத்தில் ஒருவருக்கு வேறு வேலையே இருக்கக் கூடாது. தண்ணீரின் நிறத்தையும் சத்தத்தையும் பார்த்துக்கொண்டு, மாறினால் ‘மேலே ஏறு’ என்று கத்துவதுதான் அவர் வேலை. அந்த நாலாவது ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பொறுப்பு கிடையாது. குளிக்கத் தடை என்று போலீஸார் கயிறு கட்டிய நாளில் கயிற்றைத் தாண்டிப் போய் எடுக்கிற ஷாட், எவ்வளவு நன்றாக வந்தாலும் எடுத்திருக்கவே கூடாத ஷாட்.

செண்பகா அருவி, தேனருவி எல்லாம் வனத்துறையின் காட்டுக்குள். அனுமதியில்லாமல் போகக் கூடாது. கோயில்களுக்குள் செல்போனுக்கே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. ஆகவே சித்திர சபை ஓவியங்களுக்கு முன்னால் ஆடலாம் என்ற யோசனையை அங்கேயே விட்டுவிடலாம். டிரோன் பறக்கவிடுவதற்கு 2021 டிரோன் விதிகள் தனியாக இருக்கின்றன. எந்த இடம் எந்த அலுவலகத்தின் கையில் என்று குழப்பமாக இருந்தால், 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து ஆட்சியர் அலுவலகம் ஊரிலேயே இருக்கிறது. மனுவை யாரிடம் கொடுப்பது என்று அங்கே கேட்கலாம். படப்பிடிப்புக்கு முந்தின நாள் போய்க் கேட்காமல், குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே போவது நல்லது.

ஒரு சின்னக் கணக்கு. நாலு நிமிடப் பாட்டு என்றால் 240 விநாடி. ஒரு ஷாட்டுக்குச் சராசரி 4 விநாடி வைத்தால் 60 ஷாட். ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்து, நிற்கவைத்து, எடுக்கப் பத்து நிமிடம் என்றாலும் 600 நிமிடம். சாப்பாடு, மழை, லென்ஸ் துடைப்பதெல்லாம் சேர்க்காமலே பத்து மணி நேரம். ‘ஒரே நாள்ல முடிச்சுடலாம்’ என்று சொல்பவனிடம் இந்தத் தாளை நீட்டலாம். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் நேராக இடம், உடை, யார் வருகிறார்கள், மழை வந்தால் மாற்றாக என்ன என்று நான்கு கட்டம் போட்டுவிட்டால் இரண்டு நாளில் முடியும். உடைக் கட்டம் முக்கியம். சாரலில் நனைந்த தாவணியும் தலைமுடியும் அடுத்த ஷாட்டில் காய்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போஸ்டரில் யார் பெயர்?

வீடியோ முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படுவது போஸ்டர். உண்மையில் அதைப் படப்பிடிப்புக்கு முன்பே வரைந்து பார்க்க வேண்டும். யூடியூப் தம்ப்நெயில் படுக்கைவாக்கில் 1280-க்கு 720. ஷார்ட்ஸுக்கும் ஸ்டேட்டஸுக்கும் நெட்டுக்குத்தாக வேண்டும். பாட்டுச் செயலிகளுக்குச் சதுரம். இந்த மூன்றுக்கும் ஒரே ஷாட்டை வெட்டினால் பாடகியின் தலையோ பெயரோ போய்விடும். படப்பிடிப்பு அன்றே அரை மணி ஒதுக்கி, மேலேயும் பக்கத்திலும் எழுத்துக்கு இடம்விட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். தம்ப்நெயிலைப் பெரும்பாலானவர்கள் கட்டைவிரல் அளவில்தான் பார்ப்பார்கள். போனைக் கை நீட்டித் தூரத்தில் வைத்துப் படிக்க முடிகிறதா என்று அம்மாவிடம் காட்டினால் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய கேள்வி, பெயர்கள். 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளியானது. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை. வரிகள் அறிவுடையவை, தன் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்ட, தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களின் கதை அதற்குள் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படத்தில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்க, பிறகு அறிவின் படத்தோடு இன்னொரு அட்டை வந்தது. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று மூவரும் தனித்தனியாக விளக்கம் எழுதும் நிலை வந்தது. கோடிக்கணக்கானோர் பார்த்த பாட்டுக்கே இந்த நிலை.

நாலு நண்பர்களுக்குள் இது வராது என்று நினைக்க வேண்டாம். வீடியோ ஓடாவிட்டால் வராது. ஓடினால் கண்டிப்பாக வரும். எனவே பாட்டு எழுதியது, மெட்டு, குரல், கேமரா, எடிட்டிங் யார் யார், பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளட்டும். வீடியோவில் முகம் தெரிகிறவர்களிடமும் இரண்டு வரிச் சம்மதம் வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் கையெழுத்து.

இந்தப் பக்கம் வில்லுப்பாட்டுக்காரர்களும் கணியான் கூத்துக் கலைஞர்களும் இருக்கிறார்கள். அந்த மகுடத்தின் ஓசையைப் பத்து விநாடி சேர்த்தால் பாட்டே வேறு மாதிரி நிமிரும். சேர்த்தால், வாசித்தவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று மொத்தமாகப் போடாமல் அவர் பெயரை ஊரோடு போட வேண்டும், எழுத்துப்பிழை இல்லாமல். போஸ்டர் அச்சுக்குப் போகும் முன் அவருக்குப் படித்துக் காட்டுவதும் அந்த நாலாவது ஆளின் வேலைதான். அவன் இதற்குள் ‘மத்ததெல்லாம்’ என்ற வார்த்தையை விட்டிருப்பான்.