வயலில் இறங்கும் வாத்துக்குக் குருணை வைக்கலாமா?

தலைஞாயிறு பகுதியில் சம்பா சாகுபடி செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "கார்த்திகையில் மழை பிடித்த பிறகு, ராத்திரி நேரத்தில் வாத்துக் கூட்டம் வயலில் இறங்குகிறது. விடிந்து போய்ப் பார்த்தால் பயிர் மிதிபட்டும் அறுபட்டும் கிடக்கிறது. நெல்லில் குருணை மருந்தைக் கலந்து வரப்பில் வைத்தால் அடுத்த நாள் கூட்டம் வராது என்று பக்கத்து வயல்காரர் சொல்கிறார். கோடியக்கரைக்கு வரும் பறவைகளாக இருக்குமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

முதலில் குருணை விஷயம். வைக்கவே கூடாது. நெல்லுக்குப் போடும் கார்போபியூரான் குருணை பறவைகளுக்குக் கொடிய நஞ்சு. சிட்டுக்குருவி அளவிலான பறவைக்கு ஒரே ஒரு குருணை உள்ளே போனாலே போதும். வாத்து தின்று செத்தால், அதைக் கொத்தும் காகமும் கருடனும் சாகும், இழுத்துப் போகும் நாயும் சாகும். செத்துக் கிடப்பதை எடுத்துப் போய்க் குழம்பு வைப்பவர்களும் உண்டு. கொதிக்க வைத்தால் மருந்து போய்விடும் என்று நம்பி அதைச் சாப்பிடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி விஷம் வைப்பதும் வேட்டைதான். சிறைத் தண்டனை உண்டு. வரப்பில் வைத்தவர் யார் என்று கண்டுபிடிப்பது கிராமத்தில் பெரிய காரியமும் அல்ல.

அடுத்தது, வயலைச் சேதப்படுத்துவது வாத்துதானா என்று பார்க்க வேண்டும். வாசகர் 'அறுபட்டு' என்று எழுதியிருக்கிறார். தூர் அடியில் கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் அது எலியின் வேலை. வரப்பில் புது மண் தள்ளிய வளை இருக்கிறதா என்று பாருங்கள். தண்டைப் பிடுங்கி, மென்று, நார் நாராகப் போட்டிருந்தால் நீலத் தாழைக்கோழியாக இருக்கலாம். சிவப்பு மூக்கும் நீல உடம்புமாகக் கோரைப் புதரில் திரியும் அந்தப் பறவை, கடல் தாண்டி வந்தது அல்ல. வருஷம் முழுக்க நம் ஏரி குளத்திலேயே இருப்பது. பகலில் வயலில் நிற்கும் கொக்கு, மடையான், அரிவாள் மூக்கன் எல்லாம் நெல்லைத் தொடாது. அவை தேடுவது பூச்சியையும் நண்டையும் நத்தையையும்தான். நண்டு வளையால் வரப்பில் தண்ணீர் கசிந்து அவதிப்படுகிறவருக்கு அவை செய்வது உபகாரம்.

ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வலசை வாத்துகளின் வழக்கம் வேறு. பகலெல்லாம் திறந்த நீர்ப்பரப்பில் கூட்டமாக ஓய்வெடுக்கும். பொழுது சாய்ந்ததும் இரை தேடிக் கிளம்பி, தண்ணீர் தேங்கிய வயலில் இறங்கும். விடிவதற்குள் திரும்பிவிடும். சேற்றில் சவ்வுக் கால் தடமும், மிதக்கும் இறகும் இருந்தால் வந்தது வாத்து. நன்றாகத் தூர் கட்டிய பயிரில் பெரிய நஷ்டம் வராது. தாமதமாக விதைத்த இளம் பயிரும், கதிர் முற்றித் தண்ணீரில் சாய்ந்த பயிரும்தான் அவற்றுக்குத் தோது.

கோடியக்கரையில் இருக்க வேண்டிய பறவை ஏன் வயலுக்கு வருகிறது? இதில்தான் பலருக்கும் குழப்பம். 1967-ல் வெளிமானைக் காப்பதற்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. வேலியும் பெயர்ப் பலகையும் இருக்கும் காடு மட்டுமே பறவையின் இடம் என்று நினைத்துவிடுகிறோம். 2002-ல் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ், தமிழ்நாட்டிலேயே முதலாவதாகப் பட்டியலில் சேர்ந்த ஈரநிலத்தின் பரப்பு 38,500 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 95,000 ஏக்கர். கோடியக்காடு, வேதாரண்யம் உப்புச் சதுப்பு, பஞ்சநதிக்குளம், தலைஞாயிறு காப்புக் காடு, முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாம் அதில் அடக்கம். இந்தக் கடைமடை நிலத்துக்கும் அந்தச் சதுப்புக்கும் நடுவே பறவைக்கு வரப்பு தெரியாது.

புரட்டாசி, ஐப்பசியில் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் பறவைகள் வரத் தொடங்குகின்றன. மாசி, பங்குனி வரை இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கொசு உள்ளான், வட துருவத்தை ஒட்டிய பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது. அவ்வளவு தூரம் பறந்து வருவது சேற்றில் இருக்கும் புழுவுக்காக. கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும் சதுப்பில், வடகிழக்குப் பருவமழையும் காவிரியின் வடிகால் தண்ணீரும் வந்து சேர்ந்தால்தான் உப்பு குறைந்து, புழுவும் இறாலும் மீன்குஞ்சும் பெருகும். பூநாரை கூட்டமாக வந்து நிற்பதும் அப்போதுதான். நல்ல தண்ணீர் வரவு குறைந்தது, சதுப்பு உப்பளமாக மாறியது, வடிகால் தூர்ந்தது, வலை போட்டுப் பிடிப்பது ஆகியவையே அங்கே கரைப்பறவைகள் குறைந்ததற்கான காரணங்கள் என்று பல ஆண்டுகளாக வளையமிட்டு ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேதாரண்யத்து உப்பு 1930-லேயே நாடு அறிந்தது. உப்பளமே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், உப்பு முற்றிய பாத்தியில் புழு உயிர் வாழாது என்பதும் உண்மை. சதுப்பில் இரை குறைந்தால் பறவை பக்கத்து வயலைத்தான் பார்க்கும்.

ஆக, தூர்ந்த வடிகால் இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வயலில் முழங்கால் தண்ணீர் வடியாமல் நிற்பதும் அதனால்தான். சதுப்புக்குப் போக வேண்டிய தண்ணீர் போகாததும் அதனால்தான். வாத்து இறங்குவதும் அப்படித் தேங்கி நிற்கும் வயலில்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத கணக்கு இது. தண்ணீர் வடிந்து சேறு மட்டும் தெரியும் வயலில் வாத்துக் கூட்டம் அதிகம் தங்காது.

இந்தப் பருவத்துக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. மினுங்கும் பறவை விரட்டி நாடாவைப் பயிருக்கு மேலே, முறுக்கிவிட்டு, காற்றுக்குக் குறுக்காகக் கட்டலாம். நிலா வெளிச்சத்திலும் ஓரளவு பலிக்கும். இருட்டு விழும் நேரத்தில்தான் கூட்டம் இடம் பார்த்து இறங்கும். அந்த ஒரு மணி நேரம் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடந்தால் போதும், ராத்திரி முழுக்கக் கண்விழிக்க வேண்டாம். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நாடாவை இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழகிவிடும். நைலான் வலை வேண்டாம். சிக்கிய பறவைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். சரணாலயத்தை ஒட்டி வெடி போடுவதும் கூடாது. எலித் தொல்லைதான் என்று தெரிந்தால், வரப்பைக் குறுக்கி, கிட்டி வைத்து, ஆந்தை வந்து உட்கார 'டி' வடிவக் குச்சிகளை நட்டுவிடுங்கள். குச்சிகளைக் கதிர் பால் பிடித்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளுக்கு நாமே இருக்கை போட்டது போலாகும்.

சேதம் கணிசமாக இருந்தால், விடிந்ததும் தேதி தெரியும்படி செல்போனில் படம் எடுத்து, வேளாண் உதவி அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே மனுவில் உங்கள் பகுதி வடிகாலின் பெயரையும், எந்த மதகிலிருந்து எந்த இடம் வரை தூர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்கு முன், சித்திரையிலேயே அந்த வேலை எடுக்கப்பட வேண்டும். அதற்கான கோரிக்கை தை மாதமே போய்ச் சேர்ந்தால் நல்லது.