புள்ளடியோடு நில்லோம்: கொக்குவில் வாக்காளர்களின் கொள்கைப் பிரகடனம்

கொக்குவில் கிழக்கிலும் மேற்கிலும் வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்களும், அடுத்த இடாப்பில் பெயர் வரப்போகிறவர்களுமாகிய நாங்கள் இன்று கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எந்தக் கட்சிக்கும் நாங்கள் கிளை இல்லை. எந்த வேட்பாளருக்காகவும் கூடவில்லை. இயக்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை, சின்னமும் தேடவில்லை. பெயருக்கும் சின்னத்துக்கும் தலைமைக்கும் அடிபட்டு உடைந்தவற்றை எங்கள் மண் நிறையவே பார்த்துவிட்டது.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய மூன்று கிழமையும் எங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குவதே நேர்மை. தகப்பன் சங்குக்கு என்றார். மகள் தொலைபேசிக்கு என்றாள். கம்பஸில் படிக்கிற பேரன் திசைகாட்டி என்றான். பின்வளவுப் பெரியப்பா, “ஒருத்தரும் அந்தப் பக்கமே போகாதேயுங்கோ” என்று படலையில் நின்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் கதை நின்றது. சில வீடுகளில் அது இன்னும் தொடங்கவில்லை.

வெளியிலும் அதே நிலைதான். செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென முடிவெடுத்தது, ம. ஆ. சுமந்திரன் அதை அறிவித்தார். அதே கட்சியின் சி. சிறீதரன் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனோடு நின்றார். அரியநேத்திரனும் அதே கட்சிக்காரரே. கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி புறக்கணிக்கச் சொன்னது. மூன்று பக்கமும் மற்ற இரண்டு பக்கத்தையும் பார்த்து ஒரே சொல்லைத்தான் எறிந்தன: துரோகம். அந்தச் சொல்லை எங்களில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதில்லை என்பது இந்த இயக்கத்தின் முதல் விதி. இதை மீறுகிறவர் எவ்வளவு வேலை செய்தவராக இருந்தாலும் எங்களோடு இருக்க முடியாது.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் முடிவை எல்லாரும் பார்த்தோம். தொலைபேசிச் சின்னத்தில் சஜித்துக்கு 121,177. சங்கில் அரியநேத்திரனுக்கு 116,688. சிலிண்டரில் ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84,558. திசைகாட்டியில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 27,086. முதல் இருவருக்கும் இடையில் ஐயாயிரம் வாக்குக் கூட இல்லை. அதே மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 25 ஆயிரத்துக்கு மேல்! வேண்டுமென்றே சீட்டைக் கெடுத்தவர்கள் அதில் இருப்பார்கள். அது அவர்கள் சொன்ன பதில், அதை மதிக்கிறோம். ஆனால் வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை பூசி, மனதார ஒருவருக்குப் போட்டுவிட்டு வந்த எங்கள் ஆச்சிமாரின் சீட்டும் அந்தக் கட்டுக்குள் கிடக்கிறது. தன் வாக்கு எண்ணப்படவில்லை என்பது அந்த மனுசிக்கு இன்றைக்கும் தெரியாது. எங்களை இங்கே கூட்டியது அந்தக் கட்டுத்தான்.

ஒரே ஊரில் மூன்று விதமாக வாக்களிக்கிறோம். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு புள்ளடி. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தக் கட்சி வேட்பாளர்களின் இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம். இதில் புள்ளடி ஒன்று மட்டும் போட்டாலும் அது முதல் வாக்காக எடுபடும். ஆனால் புள்ளடியையும் 2ஐயும் கலந்து போட்டால் சீட்டுப் போச்சு. 1 இல்லாமல் 2 போட்டாலும் போச்சு. குழப்பத்துக்கு மேல் குழப்பமாக, பாராளுமன்றத் தேர்தலிலும் ஜனாதிபதித் தேர்தலிலும் ‘விருப்பு வாக்கு’ என்ற ஒரே சொல்லைப் பாவிக்கிறோம். இரண்டும் வேறு வேறு. பாராளுமன்றத்தில் மூன்று விருப்பும் ஒரே நிறை. அது ஒரே கட்சிக்குள் நிற்பவர்களை ஒருவருக்கொருவர் பகையாக்குகிறது. ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு, முதலாமவர் போட்டியில் இல்லாமற் போனால் மட்டுமே உயிர்பெறும். “ரண்டு போட்டால் ஒண்டு குறைஞ்சு போகும்” என்று எங்கள் தெருவில் எத்தனை பேர் நம்பினார்கள்! ஒருபோதும் குறையாது.

சட்டம் சொல்வது இதுதான். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முன்னணியில் நிற்கும் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் போட்டியிலிருந்து விலக்கப்படுவர். விலக்கப்பட்டவர்களுக்கு 1 விழுந்த சீட்டுகளைத் திரும்ப எடுப்பார்கள். அதில் 2 எஞ்சிய இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லாத சீட்டு அந்த மேசையோடு நிற்கும். சங்குக்கு 1, சிலிண்டருக்கு 2, தொலைபேசிக்கு 3 போட்டிருந்தவரின் வாக்கு, அரியநேத்திரனின் கணக்கில் ஒன்றாக எண்ணப்பட்ட பிறகு, கடைசியில் சஜித்தின் கணக்கிலும் ஒன்றாகச் சேர்ந்தது. தகப்பனும் மகளும் மூன்று கிழமை கதைக்காமல் இருந்தார்களே, அந்த இருவர் விருப்பத்துக்கும் ஒரே சீட்டில் இடம் இருந்தது.

1982 முதல் இந்த நாட்டில் நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது 2024இல்தான் முதல் தடவை. விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குகள் நாடு முழுவதும் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் இறுதி இருவருக்கும் போய்ச் சேர்ந்தவை 273,131 மட்டுமே: சஜித்துக்கு 167,867, அநுரவுக்கு 105,264. நூறு சீட்டில் எட்டு. மிச்சம் தொண்ணூற்றிரண்டும், யார் நாட்டை ஆள்வது என்ற கேள்வி வந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்றே 2ஐ வெறுமையாக விட்டவருக்கு அந்த உரிமை உண்டு. தெரியாமல் விட்டவருக்கு யார் பொறுப்பு? மேடை போட்ட கட்சிகளில் எதுவும் இதை வீட்டுவாசலில் இருந்து சொல்லித் தரவில்லை. தங்கள் 1ஐக் கேட்டார்கள், போனார்கள்.

வாக்கை எண்ணும் விதத்தில் இழுபறி எங்கள் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் 537 வாக்கு ஒரு ஜனாதிபதியைத் தீர்மானித்தது. எந்தச் சீட்டை எப்படி எண்ணுவது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தபாலில் வந்த சீட்டு, அடையாள அட்டை என்று ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் அங்கே இரண்டு கட்சியும் வழக்கோடு நிற்கின்றன. வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையை மெய்ன் மாநிலம் 2020இல்தான் ஜனாதிபதித் தேர்தலில் முதன்முதலாகப் பாவித்தது. அதையும் தடுக்க வழக்காடினார்கள். சிட்னியில் இருக்கிற எங்கள் மச்சாள்மார் பிரதிநிதிகள் சபைச் சீட்டில் எல்லாப் பெட்டிக்கும் இலக்கம் போட்டுப் பழகிவிட்டார்கள். அங்கே போய்ப் படித்ததை இங்கே இருந்தபோது படிக்கவில்லை. இங்கே அது 1981ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல் சட்டத்திலேயே கிடக்கிறது.

புறக்கணிப்பைப் பற்றி நாங்கள் பேசாமல் தப்பிக்கப் பார்க்கவில்லை. இந்த ஊருக்கு அது நெருக்கமான கதை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியத்தைத் தரவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. வடக்கில் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்தக் காங்கிரசின் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகம் பின்னாளில் எங்கள் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். சாதியையும் சமயப் பிரிவையும் தாண்டி இளைஞர்களைக் கூட்டியவர் அவர். சர்வசன வாக்குரிமை கையில் வந்த முதல் தேர்தலிலேயே அதைப் பாவிக்க வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. அந்த முடிவு சரியா பிழையா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஆனால் அது கூட்டம் வைத்து, பேசி, எதிர்ப்பேச்சையும் கேட்டு எடுத்த முடிவு.

2005 ஜனாதிபதித் தேர்தலை அதோடு ஒப்பிட மாட்டோம். யாழ் மாவட்டத்தில் பதிவானவர்கள் 701,938. வாக்களித்தவர்கள் 8,524. விடுதலைப் புலிகளின் அந்தப் பகிஷ்கரிப்பில் வீட்டை விட்டு வெளிக்கிட எத்தனை பேருக்குத் துணிவு இருந்தது என்பது அன்று இங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். நாட்டின் முடிவு 180,786 வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்தது. புறக்கணிப்பதும் ஒரு வாக்காளரின் உரிமை என்று இந்த இயக்கம் ஏற்கிறது. ஒருவரைப் பயமுறுத்தி வீட்டுக்குள் இருத்துவதை எந்தப் பெயரில் செய்தாலும், யார் செய்தாலும், நாங்கள் எதிர்ப்போம்.

எங்கள் ஆளையே நிறுத்துவதும் புதிதில்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் குமார் பொன்னம்பலம் யாழ் மாவட்டத்தில் 87,263 வாக்கு எடுத்து முதலிடம் வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தின் காலத்தை ஆறு ஆண்டு நீட்டச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. நீட்டலாம் என்பதற்கு விளக்கும் வேண்டாம் என்பதற்குப் பானையும் சின்னம். யாழ்ப்பாணம் பானையை நிறைத்தது, நாடு விளக்கை ஏற்றியது. 1977க்குப் பிறகு அடுத்த பொதுத்தேர்தலைக் காண 1989 வரை காத்திருந்தோம்.

தேர்தலைத் தள்ளிப்போடும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2013இல் நாங்கள் வரிசையில் நின்று தெரிவு செய்த வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, சபையும் இல்லை என்றாகிவிட்டது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. எங்கள் நல்லூர்ப் பிரதேச சபைக்கு வாக்களிக்க 2025 மே வரை சென்றது. 2024 ஜனாதிபதித் தேர்தலையே தள்ளிவைக்கலாம் என்று மே மாதத்தில் ஒரு பெரிய கட்சியின் பொதுச் செயலாளர் வெளிப்படையாகச் சொன்னார். பதவிக்காலம் ஐந்து ஆண்டா ஆறு ஆண்டா என்று ஜூலையில் ஒரு மனு உயர் நீதிமன்றம் போய்த் தள்ளுபடியானது. ஆகவே கேட்கிறோம்: ஒரு தேர்தலுக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் அதன் விதியையோ திகதியையோ யாரும் தொடக் கூடாது. விதியை மாற்ற வேண்டுமானால் மாற்றுங்கள், புதிய விதி ஆயத்தமாகும் வரை பழைய விதியில் தேர்தலை நடத்துங்கள். மாகாண சபைக்கும் இதையே கேட்கிறோம்.

இடாப்பின் கதை எங்கள் கையிலும் இருக்கிறது. யாழ் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. பதிவான வாக்காளர் தொகையை வைத்தே இது கணிக்கப்படுகிறது. போனவர்கள் போய்விட்டார்கள். ரொறன்ரோவில் இருபது வருடமாக இருப்பவரின் பெயரை இங்கே வைத்திருந்து ஆசனம் காப்பது எங்கள் கொள்கை இல்லை. அந்தப் பெயரில் வேறு யாரோ வாக்குப் போட்ட காலத்தை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் இங்கேயே இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயர் ஏன் இல்லை? வாடகை வீட்டில் இருப்பவர் பெயர் ஏன் இல்லை? படிவம் வந்த நேரம் வீடு பூட்டியிருந்தது, விதானையார் திரும்ப வரவில்லை, நாங்களும் போய்க் கேட்கவில்லை. இதில் எங்கள் சோம்பலுக்கும் பங்கு உண்டு.

கொழும்பில் கடையிலும் கம்பனியிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்குத் தபால் வாக்கு இல்லை. அது அரச ஊழியருக்கும் படையினருக்கும் தேர்தல் கடமையில் இருப்பவர்களுக்கும்தான். ஒரு புள்ளடிக்காக இரவு பஸ்ஸில் நானூறு கிலோமீற்றர் வந்து, மறுநாள் இரவே திரும்ப வேண்டும். வேலை செய்யும் ஊரிலேயே முன்கூட்டி வாக்களிக்க வழி வேண்டும் என்று தேர்தல் ஆணைக்குழுவிடம் கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்.

இந்த ஊரில் சுருட்டுக் கொட்டில்கள் இருந்த காலத்தில், கை சுருட்டைச் சுற்ற, ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிப்பார். எழுத்துத் தெரியாதவரும் அப்படித்தான் உலக நடப்பை விவாதித்தார். எங்கள் வேலையும் அந்த மாதிரித்தான் நடக்கும். வாசிகசாலைகளில், கோயில் மடங்களில், கூப்பிட்டால் வீட்டு விறாந்தையில். மாதிரிச் சீட்டில் பழக்குவோம். மாதிரியில் உண்மையான கட்சியோ சின்னமோ இராது. மாம்பழமும் பலாப்பழமும் விளாம்பழமும் போட்டியிடும். யாருக்கு 1, யாருக்கு 2 என்று ஒருபோதும் சொல்ல மாட்டோம், கேட்கவும் மாட்டோம். ஆனால் கொக்குவிலுக்கு வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியைச் சபையில் வைத்துக் கேட்போம்: உங்களுக்கு 1 போடுகிறோம், நீங்கள் வெல்லாவிட்டால் எங்கள் 2 யாருக்கு, ஏன்? பதில் சொல்லாதவர் சொல்லவில்லை என்பதையும் எழுதி வைப்போம்.

கட்சிக்காரர் எவரும் சேரலாம். தேர்தலில் நிற்கிறவர் அந்தக் காலத்தில் பொறுப்பில் இருக்க முடியாது. கட்சிகளிடமிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ காசு வாங்க மாட்டோம். வெளிநாட்டு உறவுகள் தாங்கள் அங்கே வாக்களிக்கும் விதத்தை விடுமுறைக்கு வரும்போது வந்து சொல்லித் தந்தால் போதும்.

முதல் வேலை இடாப்பு. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் இரண்டு பேர், ஒருவர் கட்டாயம் பெண். போன வருட இடாப்பின் பிரதியோடு வீடு வீடாகப் போவார்கள். படிவம் வரும் கிழமையில் வீட்டில் ஒருவராவது பகலில் நில்லுங்கள். பதினெட்டு முடிந்த, முடியப்போகிற பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள். ஆச்சியை மாதிரி வாக்களிப்புக்குக் கூட்டி வரும்போது கண்ணாடியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.