விற்ற சரக்கு வாபஸ் இல்லையா?

“விற்ற சரக்கு வாபஸ் வாங்கப்பட மாட்டாது” என்று பலகை மாட்டாத கடை நமது ஊர்களில் அரிது. அதைக் கண்டவுடனே நம் மக்கள் அது ஏதோ சர்க்கார் உத்திரவு என்று நினைத்து, விசில் வராத குக்கரையும் சுற்றாத மின்விசிறியையும் “நம் தலைவிதி” என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பலகையை எழுதியவன் யார்? கடைக்காரன். எழுதும்படி உத்திரவு போட்டவன் யார்? அவனேதான். அப்படியிருக்க, அதற்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று ஒருவராவது கேட்கிறார்களா?

உண்மையான சட்டமோ இதற்கு நேர் விரோதமாய் இருக்கின்றது. 1986-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் செய்யப்பட்டு, 2020 ஜூலை முதல் அமுலுக்கு வந்த சட்டமானது, பழுதான சாமானை ரசீதில் கண்ட கெடுவுக்குள்ளும், கெடு ஒன்றும் இல்லாவிட்டால் 30 நாளைக்குள்ளும் திருப்பி எடுத்துக்கொள்ள மறுப்பது முறைகேடான வியாபாரம் என்கிறது. ரசீது கொடுக்க மறுப்பதும் அப்படியே. வாங்கிய பிறகு நிறம் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு இதில் இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். “ரசீது இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம்” என்று கடைக்காரன் சொல்லுவதைக் கேட்டுப் பத்து ரூபாய் லாபம் கண்டவர், தன் சாட்சியத்தைத் தானே விற்றுவிட்டவராவார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் கடைக்காரனுக்குக் குறையை எழுத்து மூலம் தெரிவித்து, நகலையும் அனுப்பியதற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் முறையிடலாம். அசையாவிட்டால், இரண்டு வருஷத்துக்குள், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பிராது கொடுக்கலாம். கம்பெனி டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. பிரதிவாதிக்கு நோட்டீசு கிடைத்த 3 மாதத்தில், சாமானைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். காரியத்தில் வருஷக்கணக்காய் இழுபடும் பிராதுகளும் உண்டு. அதை மறைக்க நாம் ஆணையத்தின் ஏஜெண்டுகளல்ல.

கிராமத்துத் தோழர்கள் “இதெல்லாம் பட்டணத்தாருக்கு” என்று நினைக்கக் கூடாது. ஆந்திரத்து விவசாயிகள் மட்டமான விதையால் விளைச்சல் கெட்டுப் பிராது கொடுத்தபோது, சர்க்காருக்குச் சொந்தமான தேசிய விதைக் கழகமே எதிர்த்து நின்றது. வியாபாரத்துக்கு வாங்கியவன் நுகர்வோன் அல்ல என்றும், விதையைச் சோதனைக்கு அனுப்பவில்லை என்றும் வாதாடிற்று. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்ட உழவன் சோதனைக்கு எதை எடுத்துக் கொடுப்பான்? 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு இவ்வாதங்களைத் தள்ளி, விவசாயியும் நுகர்வோனே என்று தீர்ப்புச் சொல்லிற்று.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் கொடாமல் ஏய்த்தால், ஒரு மாதத்துக்குக் குறையாமல் 3 வருஷம் வரை சிறைவாசமோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதே சட்டத்தில் இடமிருக்கின்றது. இதைப் பலகையில் எழுதி மாட்டிய கடையை மட்டும் நாம் இதுவரை கண்டதில்லை.