செக்கு எண்ணெய் வாங்கினா போதுமா மாப்ளே?

குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சா தென்காசிக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வருவாங்க. இந்தத் தடவை வந்தது அக்கா மகளும் மாப்பிள்ளையும். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை.

மாப்பிள்ளை கையில அஞ்சு லிட்டர் மரச்செக்கு நல்லெண்ணெய் கேன். "மாமா, ரீஃபைண்ட் ஆயிலை மொதல்ல நிறுத்துங்க. ஆம்பளைங்க விந்தணுவைக் கொல்றதே அதுதான். வாட்ஸப்ல வந்துச்சு"ன்னாரு. எங்கே வச்சு சொன்னாருங்கிறீங்க? பார்டர் பரோட்டா கடையில, ஆறாவது பரோட்டாவைப் பிச்சுப் போட்டு சால்னா ஊத்திக்கிட்டே! கிளம்பறப்போ ஒரு கிலோ நேந்திரம் சிப்ஸ் வேற. "தேங்காய் எண்ணெயில போட்டது மாமா, ஒண்ணும் செய்யாது."

அக்கா மக எதுவும் பேசலை. ஸ்கேன், ரத்த டெஸ்ட், கருக்குழாய் எக்ஸ்ரே, சஷ்டி விரதம் எல்லாம் பார்த்தாச்சு அவ. மாப்பிள்ளை எடுத்த டெஸ்ட் எத்தனை? பூஜ்யம். "எனக்கென்ன குறைச்சல்?"னு கேட்டா முடிஞ்சு போச்சு.

சரி, எண்ணெய்க்கே வருவோம். விந்தணுவை நிஜமாவே ஒழிச்ச ஒரு தாவர எண்ணெய் உண்டு. பருத்திக்கொட்டை எண்ணெய். நம்ம சங்கரன்கோவில் கரிசல் பக்கம் மாட்டுக்கு ஊற வச்சு வைப்பாங்களே, அதே கொட்டைதான். சீனாவுல சில கிராமங்கள்ல, சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில சமைச்சுச் சாப்பிட்ட ஆண்களுக்குக் குழந்தை பிறக்காமப் போச்சு. காரணம் அதுல இருந்த காசிபோல்ங்கிற நச்சு. 1970கள்ல அதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கி 8000 பேருக்கு மேல கொடுத்துப் பார்த்தாங்க. சிலருக்கு ரத்தத்துல பொட்டாசியம் இறங்கிச்சு, சிலருக்கு நிறுத்தின பிறகும் விந்தணு திரும்பலை. 1980கள்ல உலக சுகாதார நிறுவனம் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டிருச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, அங்க கெடுத்தது சுத்திகரிக்காத எண்ணெய். அந்த நச்சை எடுத்தது சுத்திகரிப்பு, அதாவது நம்ம மாப்பிள்ளை திட்டற அதே ரீஃபைண்ட்! அதுக்காக செக்கு நல்லெண்ணெய் கெட்டதுன்னு சொல்ல வரலை. வாசனையா இருக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனா செக்குல ஆட்டினாலும் மில்லுல ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. நல்லெண்ணெய்ங்கிறதால வயிறு தள்ளுபடி தராது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல போட்ட கணக்குப்படி, 2000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெய் நாளைக்கு 27 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மாசம் சுமார் மூணரை லிட்டர். உங்க வீட்டுல எத்தனை லிட்டர் போகுது? கடையில தின்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. தமிழ்நாட்டு ஆண்கள்ல பிஎம்ஐ 25-ஐத் தாண்டினவங்க 2015-16-ல 28.2 சதவீதம், 2019-21-ல 37 சதவீதம். சர்க்காரோட குடும்பநல சர்வே கணக்கு இது.

அந்தத் தொப்பை சும்மா தொங்கலை. கொழுப்புத் திசுவுல இருக்கிற அரோமடேஸ்ங்கிற நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனா மாத்துது. ஈஸ்ட்ரோஜன் கூடினா மூளைக்கடியில இருக்கிற பிட்யூட்டரி, விந்தணு தயாரிக்கச் சொல்லி அனுப்பற உத்தரவைக் குறைக்குது. தொடையிடுக்குல கொழுப்பு சேர்ந்தா சூடும் கூடும். விதைப்பைக்கு உடம்பை விட ரெண்டு மூணு டிகிரி குளிர்ச்சி வேணும். எண்ணெய்க்கும் குழந்தைக்கும் சம்பந்தம் இருந்தா பெரும்பாலும் இந்த வழியாத்தான். பிராண்டு வழியா இல்லை.

குற்றாலம் அருவியில எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க 2014-ல ஹைகோர்ட் மதுரைக் கிளை தடை போட்டுச்சு. வெளியே பூசற எண்ணெய்க்குத் தடை போட கோர்ட் இருக்கு. உள்ளே போறதுக்கு நாமதான் போட்டுக்கணும்.

ஆனா எனக்குக் கோபம் எண்ணெய் மேல இல்லை. குழந்தையில்லாத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கு. ஒல்லியா இருக்கிறவனுக்கும் விதைப்பையில ரத்தக்குழாய் புடைச்சிருக்கலாம். வெளியே பார்த்துத் தெரியாது. ஒரு விந்துப் பரிசோதனை போதும், ஊசி கூடக் கிடையாது. ஆனாலும் மொதல்ல டாக்டர்கிட்ட போறவ பொண்டாட்டி, சொந்தக்காரங்க பேச்சைக் கேக்கிறவ பொண்டாட்டி. ஆம்பளை எண்ணெய் கேனை மாத்திட்டு, வைத்தியம் பார்த்துட்டேன்னு உக்காந்திருக்கான்! செக்கு எண்ணெயோ சூரியகாந்தியோ, இவனுக்கு அது ஒரு சாக்கு.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாசம். இன்னைக்கு டெஸ்ட் எடுத்து, பரோட்டாவைக் குறைச்சு, நடக்க ஆரம்பிச்சா மூணு மாசத்துல திரும்பப் பார்க்கலாம். இவர் ஆறு வருஷத்தை ஓட்டிட்டாரு.

இதையெல்லாம் மாப்பிள்ளைகிட்ட நேராவே சொல்லிட்டேன். மூஞ்சி சிவந்து போச்சு. மறுநாள் காலையிலேயே கிளம்பிட்டாங்க. அக்கா போன் போட்டு "உனக்கெதுக்குடா இதெல்லாம்?"னு அழுதா. கோவிச்சுக்கட்டும். அடுத்த சாரலுக்குள்ள கோபம் தீர்ந்திரும். அவளுக்கு இப்போ முப்பத்திரண்டு. அந்த வயசு திரும்பாது.