ஒரு விஞ்ஞானிக்குச் சராசரி மதிப்பெண் போட முடியுமா?

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

தசைநார்ச் சிதைவு நோய் வந்த குழந்தைகளுக்காக '16 கோடி ரூபாய் ஊசி' என்று நன்கொடை கேட்டு வரும் செய்திகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஊசியின் பின்னால் இருக்கும் ஜேம்ஸ் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றி நம் குழுவில் ஒரு வாக்குவாதம். ஒருவர் அவரைத் தெய்வம் என்கிறார். இன்னொருவர், ஒரு பையன் சாவுக்குக் காரணமானவருக்கா இவ்வளவு புகழ் என்று கேட்கிறார். இரண்டு பேரும் என் மாணவர்கள்தான். இரண்டு பேருமே பாதிப் பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பையன். பெயர் ஜெஸ்ஸி கெல்சிங்கர், வயது 18, அரிசோனா மாநிலத்துக்காரன். உடம்பில் சேரும் அம்மோனியாவைக் கல்லீரல் வெளியேற்ற முடியாத பரம்பரை நோய் அவனுக்கு. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் மாத்திரையாலும் சமாளித்து வந்தான். இதே நோயோடு பிறக்கும் பச்சைக் குழந்தைகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வில்சன் குழுவின் ஆய்வில் சேர்ந்தான். தனக்கு அதனால் குணம் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். சளி உண்டாக்கும் அடினோ வைரஸில் சரியான மரபணுவை வைத்து 1999 செப்டம்பர் 13 அன்று செலுத்தினார்கள். நான்காம் நாள், 17ஆம் தேதி, இறந்துவிட்டான். அவன் உடலின் எதிர்ப்புச் சக்தியே வைரஸுக்கு எதிராகக் கட்டுக்கடங்காமல் பொங்கிவிட்டது.

விபத்து என்று இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய அம்மோனியா அளவு ஆய்வு விதி அனுமதித்ததைவிட அதிகமாக இருந்தது. முன்பு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வந்த பக்கவிளைவுகள் அரசுக்கு உரிய நேரத்தில் போகவில்லை. குரங்குகள் இறந்த செய்தி அவன் கையெழுத்திட்ட படிவத்தில் இல்லை. அந்தக் குரங்குகளுக்குக் கொடுத்தது வேறு வகை வைரஸ் என்று சமாதானம் சொன்னார்கள். இருக்கட்டும், அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கலாமே! போதாததற்கு, இந்தத் துறையில் இறங்கிய ஒரு கம்பெனியில் வில்சனுக்குப் பங்கும் இருந்தது. 2005இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, மனிதர்கள் மீதான ஆய்வுகளில் 2010 வரை அவர் கட்டுப்பாடுகளை ஏற்றார்.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை என்பதுதான் அடுத்த பாதி. நோய் உண்டாக்காத, அடினோவைவிடச் சாதுவான ஏஏவி என்ற சின்ன வைரஸ்களைக் குரங்கு, மனிதத் திசுக்களில் அவருடைய ஆய்வகம் தேடியது. கிடைத்தவற்றுள் ஏஏவி-8, ஏஏவி-9 முக்கியமானவை. லண்டனில் ரத்தம் உறையாத நோய்க்காரர்கள் 6 பேருக்கு ஏஏவி-8 மூலம் மரபணு செலுத்தி, நல்ல பலன் கிடைத்ததாக 2011இல் கட்டுரை வந்தது. ஏஏவி-9க்கு, ரத்தத்தில் போட்டாலும் நரம்பு செல்கள் வரை போகும் திறமை உண்டு. அதை வேறொரு குழு காட்டியது. நம் 16 கோடி ஊசியான சோல்ஜென்ஸ்மாவில் மரபணுவைச் சுமந்து போவது அந்த ஏஏவி-9தான். 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இனி என் கருத்து. வகுப்பில் ஒரு தேர்வில் 20, இன்னொன்றில் 90 வாங்கினால் கூட்டி இரண்டால் வகுத்து 55 போடுவோம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. இத்தனை குழந்தைகள் பிழைத்தார்கள் என்பதால் ஜெஸ்ஸியின் கணக்கு தீராது. ஜெஸ்ஸி இறந்ததால் அந்த வைரஸின் பயனும் பொய்யாகிவிடாது. இரண்டையும் தனித்தனி வரியாகவே பதிவேட்டில் வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அவருக்கு அதிக மதிப்பெண் வைரஸ் கண்டுபிடித்ததற்கல்ல, 2018இல் வந்த ஒரு கட்டுரைக்குத்தான். ஏஏவி-9க்கு நெருங்கிய ஒரு வைரஸை மிக அதிக அளவில் கொடுத்தபோது குரங்குகளுக்குக் கல்லீரலும் பன்றிக்குட்டிகளுக்கு நரம்புகளும் கெட்டன என்று அவர் குழுவே வெளிப்படையாக எழுதியது. துறை முழுக்க முதலீடு கொட்டிய நேரம் அது. 1999இல் படிவத்தில் வராத மாதிரியான செய்தி இந்த முறை அச்சில் வந்தது. சோல்ஜென்ஸ்மா போட்ட இரண்டு குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்ததாக 2022இல் செய்தி வந்தபோது அந்தக் கட்டுரைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஊசிக்குப் பணம் கேட்டு வந்தால் முடிந்ததைக் கொடுங்கள். நானும் கொடுக்கிறேன். நம் பிள்ளைகளில் மருத்துவ ஆய்வில் வேலை பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குத் தமிழில் வாசித்துச் சொல்கிறார்களா, இல்லை கையெழுத்து போடும் இடத்தை மட்டும் காட்டுகிறார்களா? கீழே எழுதுங்கள்.