அவன் இல்லாத குக்கி

உங்க போன்லயும் அந்த ரீல் ஓடியிருக்கும். கண்ணாடிக் கிண்ணத்துல நாலு பொருளைக் கொட்டி, ஒரு கிண்டு கிண்டி, ஃப்ரிட்ஜுல வெச்சு எடுத்து, "அவன் வேண்டாம், அடுப்பு வேண்டாம், பத்தே நிமிஷம்" என்று முடிப்பார்கள். பேரு நோ-பேக் குக்கீஸ். ஸ்டடி ஹாலிடேஸ்ல யூனிட் மூணைத் தவிர உலகத்துல இருக்குற எல்லா வேலையும் செய்யத் துடிக்கிற மனசுக்கு வேற என்ன வேணும்? நானும் செஞ்சேன். இந்தக் கட்டுரை அந்தப் "பத்தே நிமிஷம்" மேல எனக்கு வந்த கோபத்தைப் பத்தினது.

முதல்ல பேரே இடிக்குது. குக்கி என்பது டச்சுக்காரர்களின் சொல், 'குட்டி கேக்' என்று பொருள். பிஸ்கட் லத்தீனிலிருந்து வந்தது, 'ரெண்டு தடவை சுட்டது' என்று அர்த்தம். அப்போ சுடாத பிஸ்கட் என்பது நனையாத குளியல் மாதிரி. சரி, பேரை விடுங்க.

நான் முதல்ல செஞ்சது ஓட்ஸ், கோகோ, நாட்டுச் சர்க்கரை, உருக்கின தேங்காய் எண்ணெய், வாசத்துக்குப் பட்டைத்தூளும் சுக்குத்தூளும். ஃப்ரிட்ஜுல இருந்து எடுக்கும்போது ரீல்ல காட்டின மாதிரியே கல்லு மாதிரி இருந்துச்சு. போட்டோ எடுத்தேன். ஸ்டேட்டஸ் போட்டு முடிச்சுத் திரும்பிப் பார்த்தா தட்டுல சேறு. காரணம் ரொம்ப சின்னது. தேங்காய் எண்ணெய் உருகுறது ஏறக்குறைய 24 டிகிரியில். மே மாசத் திருநெல்வேலியில் மின்விசிறிக்குக் கீழயே அதைவிடப் பத்து டிகிரி கூட. வெண்ணெயும் சாக்லேட்டும் 32, 34 டிகிரி வரைக்கும் தாங்கும், அதுவும் நம்ம ஊரு மதியத்துக்குப் பத்தாது. அந்த ரீல் செஞ்சவங்க ஊருல ரூம் டெம்பரேச்சர்னா 20 டிகிரி. நம்ம ஊருல அந்த வார்த்தைக்கே வேற அர்த்தம். கொழுப்பு உறையுறதை நம்பிச் செய்யுற எந்தக் குக்கியும் ஃப்ரிட்ஜை விட்டு வெளிய வந்தா அவ்வளவுதான். பஸ்ல ஆறு மணி நேரம் ஹாஸ்டலுக்குக் கொண்டு போறதெல்லாம் நடக்காத காரியம்.

இன்னொரு வகை ரீல் இருக்கு, அது இன்னும் மோசம். பச்சை மைதாவுல கண்டன்ஸ்டு மில்க்கை ஊத்திப் பிசைஞ்சு அப்படியே சாப்பிடச் சொல்றது. தயவுசெஞ்சு வேண்டாம். பச்சை மாவு பார்க்கத்தான் சுத்தமா இருக்கும். கோதுமை வயல்ல விளைஞ்சு, காய்ஞ்சு, அரைபட்டு வருது, அவ்வளவுதான். வழியில கிருமியைக் கொல்லுற சூடு எதுவும் அது மேல படுறதில்ல. சால்மொனெல்லா, ஈ.கோலை ரெண்டும் அதுல இருக்க வாய்ப்பு உண்டு. எக்ஸாம் நேரத்துல வயித்துப்போக்கோட ஹால் டிக்கெட்டைத் தேடுற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

என் சேற்றுத் தட்டைப் பார்த்து அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஏல, பொரிவிளங்கா உருண்டைக்கு நம்ம வீட்டுல என்ன அவனா வெச்சிருக்கோம்?"

உங்க ஊருல பொருளாங்கான்னு சொல்லலாம், பொருவிளங்கான்னு சொல்லலாம். வறுத்த பருப்பு, வறுத்த அரிசி, வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, சுக்கு, ஏலக்காய், வெல்லப்பாகு. எறிஞ்சா மண்டை உடையும்னு கிண்டல் பண்ணுவோமே, அதேதான். ஒவ்வொரு செமஸ்டரும் லீவு முடிஞ்சு வரும்போது என் பையில அது ஒரு டின் இருக்கும். டின்னைத் திறந்து பத்து நிமிஷத்துல மூணு ரூம் பசங்க சேர்ந்து காலி பண்ணிடுவாங்க. (நீங்க சொன்ன அந்தப் பத்து நிமிஷம் இதுதான்போல.) எப்படிச் செய்யுறாங்கன்னு மூணு வருஷத்துல ஒரு தடவைகூட நான் நின்னு பார்த்ததில்ல. இந்தத் தடவை பார்த்தேன்.

முதல் விஷயம், இது சுடாத பண்டமே இல்ல. சுடுறது முன்னாடியே நடந்து முடிஞ்சுடுது. பாசிப்பருப்பைக் குறைஞ்ச தீயில கை விடாம வறுக்கணும். நிறம் மாறி, வாசம் அடுத்த வீட்டுக்குப் போற வரைக்கும் அடுப்பை விட்டு நகரக்கூடாது. அந்த நிறமும் வாசமும் அவனுக்குள்ள பிஸ்கட் சிவக்கும்போது நடக்குற அதே மயார் வினைதான். அங்க டைமர் வெச்சிட்டு வந்து உட்கார்ந்துடலாம். இங்க டைமர், தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாமே கரண்டி பிடிச்சு நிக்குற ஒரு ஆள்.

ரெண்டாவது, பாகு. வெல்லக் கரைசல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஆவியாகும், செறிவு கூடும், கொதிநிலையும் கூடவே ஏறும். ஸ்கூல்ல கொதிநிலை ஏற்றம்னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சோம்ல, அது இங்க அடுப்பு மேல நடக்குது. 115 டிகிரி பக்கத்துல ஒரு சொட்டைத் தண்ணியில விட்டா விரலால உருட்டலாம், மெதுவா இருக்கும். 125 பக்கம் போனா உருண்டை கெட்டியாகி, தட்டுல போட்டா 'டங்'னு சத்தம் வரும். பொரிவிளங்காவுக்கு அந்த டங் வேணும். அம்மாகிட்ட தெர்மாமீட்டர் இல்ல, ஒரு கிண்ணம் தண்ணியும் காதும்தான். இது உறையுறது செறிவால, ஃப்ரிட்ஜால இல்ல. அதனாலதான் மே மாசத்துலயும் மூடி இறுக்கமா இருந்தா வாரக்கணக்குல அப்படியே இருக்கு. காத்துல இருக்குற ஈரம் மட்டும்தான் அதுக்கு எதிரி.

மசாலா விஷயத்துலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. ஏலக்காயைப் பாகோட கொதிக்க விட்டா வாசம் ஆவியோட போயிடும். மாவுல கலந்து வெச்சு, பாகைக் கடைசியா ஊத்தணும். சுக்கு அப்படி இல்ல, அது முரட்டு ஆள். இஞ்சி காயும்போது அதுல இருக்குற ஜிஞ்சரால், ஷோகால்னு இன்னும் காரமான ஒண்ணா மாறுது. இஞ்சியைவிடச் சுக்கு தொண்டையைப் பிடிக்குறதுக்கு அதுதான் காரணம்.

மூணாவதுதான் நான் பார்க்காம இருந்தது. பாகு ஊத்திக் கலந்ததும் அது இறுகுறதுக்குள்ள உருட்டணும். ஆற விட்டா உதிரும். அதனால கை பொறுக்காத சூட்டுல இருந்த கலவையை, அரிசி மாவுல கையைத் தொட்டுத் தொட்டு, ஊதி ஊதி உருட்டுறாங்க. நான் நாலு உருட்டினேன். அஞ்சாவதுக்குக் கையை உதறிக்கிட்டுக் குழாயடிக்கு ஓடிட்டேன். அம்மா மிச்சம் முப்பத்தாறையும் உருட்டி முடிச்சாங்க. "சுடலையா?"ன்னு கேட்டேன். "பழகிட்டு"ன்னாங்க. உள்ளங்கை ரெண்டும் செவந்து போயிருந்துச்சு. அதுக்கு முந்தின தடவையும் செவந்துதான் இருந்திருக்கும். அப்போ நான் ஹால்ல உட்கார்ந்து பேக் கட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

என் கோபம் இங்கதான் ஆரம்பிக்குது. 'நோ-பேக்'னா வேலை இல்லைன்னு நாம படிக்கிறோம். உண்மையில வேலை குறையல, மிஷின்ல இருந்து ஆளுக்கு மாறியிருக்கு. அவன் வேண்டாம்னு சொல்ற இடத்துல எல்லாம் பெரும்பாலும் ஓர் 'அவள்' நிக்குறா. எனர்ஜி எங்கயும் காணாம போகாதுன்னு முதல் வருஷத்துலயே படிச்ச நாம, டின்னைத் திறக்கும்போது மட்டும் அதை மறந்துடுறோம். குறிப்பா நாம, பசங்க. இது சமையல் குறிப்பு, பொண்ணுங்க படிக்கிறதுன்னு பாதியிலயே ஸ்க்ரோல் பண்ணப் பார்த்தவங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். கடையில வாங்கிக்கலாமேன்னு கேட்கலாம். தாராளமா வாங்கலாம், நல்ல கடைகள் இருக்கு. ஆனா வீட்டு டின் நின்னுடப் போறதில்ல. அது வர்ற வரைக்கும் ஒரு தடவையாவது முழு ஈடும் நாமே செஞ்சாத்தான் நியாயம்.

நான் கிண்டல் பண்ணின குக்கியையும் ஒரு விஷயத்துக்காகப் பாராட்டணும், அதன் வடிவம். உருண்டைக்குக் கை வேணும், வில்லைக்கு வேண்டாம். ரெண்டாவது ஈடு நான் இப்படிச் செஞ்சேன்: வறுத்த பாசிப்பருப்பு ஒரு டம்ளர், பொட்டுக்கடலை ஒரு டம்ளர், ரெண்டையும் மாவா அரைச்சேன். வறுத்துத் தோல் நீக்கின வேர்க்கடலை ஒரு கைப்பிடி, சுக்குத்தூள் ஒரு டீஸ்பூன், ஏலக்காய் ஆறு, மிளகுத்தூள் கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, எல்லாம் மாவோட கலந்தாச்சு. பொடிச்ச வெல்லம் ஒன்றேகால் டம்ளர், தண்ணி கால் டம்ளர். வெல்லம் கரைஞ்சதும் வடிகட்டி (மண் இருக்கும், சோம்பேறித்தனம் வேண்டாம்) திரும்பக் காய்ச்சணும். சொட்டு தண்ணியில கெட்டியா உருளுற பதத்துல, டங்குக்குக் கொஞ்சம் முன்னாடி இறக்கிடணும். மாவுல ஊத்தி நீளக் கரண்டியால கிளறி, நெய் தடவின தட்டுல ஸ்பூனால எடுத்து வெச்சு, நெய் தடவின டம்ளர் அடியால ஒவ்வொண்ணா அழுத்தினா வில்லை. விரல் படவே இல்ல. இருபத்தி ரெண்டு வந்துச்சு.

எச்சரிக்கை ஒண்ணு. பாகு தண்ணி மாதிரி வழிஞ்சு போகாது, தோல்ல ஒட்டிக்கிட்டுச் சுடும். பட்டுட்டா உடனே குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளம் பெருசானா டாக்டர்கிட்ட போங்க.

அம்மா ஒரு வில்லையை எடுத்துக் கடிச்சுப் பார்த்து, "சுக்கு தூக்கலா இருக்கு. உருண்டைன்னா உருண்டையாத்தான் இருக்கணும்"னாங்க. வாதாடினேன், ஜெயிக்கல. கடைசியில டின்ல பாதி உருண்டை, பாதி வில்லை. ரூமுக்கு வந்து எது யார் செஞ்சதுன்னு சொல்லாமத் திறந்து வெச்சேன். உருண்டை மொத்தமும் அன்னைக்கே காலி. வில்லை ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சுது. மூணாவது நாள் ராத்திரி ஒரு மணிக்கு, ரெக்கார்டு எழுதிக்கிட்டு இருந்த ஒருத்தன் கடைசி வில்லையைக் கடிச்சுக்கிட்டே, "இது எந்தக் கடைடா?"ன்னு கேட்டான்.